ஜிஹாதைப் பற்றிப் பயான் செய்யும்போது

ஜும்ஆவில் ஜிஹாதைப் பற்றிப் பேச வேண்டியிருந்தால் நான் முதலில் எடுப்பது ஃபுர்கான் அத்தியாயத்தின் 52ஆம் வசனத்தை. நிராகரிப்போருக்குப் பணியாமல், இந்தக் குர்ஆனைக் கொண்டே அவர்களிடம் பெரும் ஜிஹாத் செய்யுமாறு நபி (ஸல்) அவர்களுக்கு அல்லாஹ் இட்ட கட்டளை அது. இறங்கியது மக்காவில். அடிபட்டும் ஒதுக்கிவைக்கப்பட்டும் முஸ்லிம்கள் வாழ்ந்த அந்த 13 ஆண்டுகளில் திருப்பி அடிக்க அனுமதியே கிடையாது. வாள் ஏந்தாத காலத்திலேயே பெரும் ஜிஹாத் கடமையாகிவிட்டது என்பது சபைக்கு விளங்கிய பிறகுதான் அடுத்த பேச்சு. பத்ரிலிருந்து தொடங்கினால் கேட்பவர் மனத்தில் போர்க்களம் மட்டுமே தங்கும்.

போரிலிருந்து திரும்பிய நபியவர்கள், நஃப்ஸோடு நடத்தும் ஜிஹாதே பெரியது என்று சொன்னதாக மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். நான் அதைச் சொல்வதில்லை. அதைப் பதிவுசெய்த பைஹகீ இமாமே அதன் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் இருப்பதாகக் குறித்திருக்கிறார். கருத்து நல்லது என்பதற்காக நபியவர்கள் பேரில் ஒரு சொல்லை ஏற்ற நமக்கு உரிமையில்லை. தன் நஃப்ஸோடு போராடுபவரே முஜாஹித் என்னும் கருத்தில் ஃபழாலா இப்னு உபைத் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் திர்மிதீயில் இருக்கிறது. அதுவே போதும்.

நான் அதிக நேரம் நிற்பது வேறோர் இடத்தில். ஜிஹாதுக்கு அனுமதி கேட்டு ஒருவர் வருகிறார். பெற்றோர் உயிரோடு இருக்கிறார்களா என்று நபியவர்கள் கேட்கிறார்கள். ஆம் என்றதும், அவர்களுக்குப் பணிவிடை செய்வதிலேயே ஜிஹாத் செய்யும்படி அவரைத் திருப்பி அனுப்புகிறார்கள். புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ள ஹதீஸ். இதைச் சொல்லும்போது குரலை உயர்த்த மாட்டேன். பக்கவாதத்தில் கிடக்கும் அத்தாவை இரவில் எழுந்து புரட்டிப் படுக்கவைக்கும் மகன் சபையில் இருப்பார். துபாயிலிருந்து விடுப்பில் வந்து, உம்மாவின் மறதியைப் பார்த்துப் பொறுமை இழந்தவரும் இருப்பார். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கும் உம்மாவுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்ல நஃப்ஸை எவ்வளவு அடக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

போரை மறைத்துப் பேசுவதும் எனக்கு உடன்பாடில்லை. மார்க்கத்தில் போர் உண்டு, வரம்பும் உண்டு. சிரியாவுக்குப் படை அனுப்பிய அபூபக்ர் (ரலி), பெண்களையும் குழந்தைகளையும் முதியோரையும் கொல்லக் கூடாது, காய்க்கும் மரத்தை வெட்டக் கூடாது என்று கட்டளையிட்டார்கள். இமாம் மாலிக்கின் முவத்தாவில் அது இருக்கிறது. சந்தையில் குண்டு வைப்பவன் இந்த வரம்பை மீறியவன் என்பதைப் பயானில் பட்டவர்த்தனமாகச் சொல்லியாக வேண்டும்.

இளம் ஆலிம்களிடம் நான் வேண்டிக் கேட்பது ஒன்று உண்டு. ஹஜ் அத்தியாயத்தின் 39ஆம் வசனத்தை ஓதினால் 40ஐ விட்டுவிடாதீர்கள். அநீதிக்கு ஆளானவர்களுக்குப் போரிட அனுமதி தருகிறது 39. அவர்கள் வீடுகளிலிருந்து நியாயமின்றித் துரத்தப்பட்டவர்கள் என்று விளக்குகிறது 40. மனிதரில் சிலரைக் கொண்டு சிலரை அல்லாஹ் தடுக்காவிட்டால் இடிக்கப்பட்டிருக்கும் இடங்களையும் அதே வசனம் வரிசையாகச் சொல்கிறது. துறவியர் மடங்கள், கிறிஸ்தவ ஆலயங்கள், யூத ஆலயங்கள், அதன் பிறகே பள்ளிவாசல்கள். அந்த வரிசையிலேயே பொருள் சொல்லுங்கள்.