மிதக்கவில்லை, தொங்குகிறது

மே 3, சனி

மகளின் லெகோ டப்பாவைக் கூடத்தில் கவிழ்த்து, டென்செக்ரிட்டி மேஜை ஒன்று செய்தோம். கீழ்த்தட்டிலிருந்து ஒரு கை மேலெழும்பி நடுப்பக்கம் மடங்கும். மேல்தட்டிலிருந்து இன்னொரு கை கீழிறங்கி அதேபோல் மடங்கும். முதல் கையின் நுனி உயரத்தில், இரண்டாவதன் நுனி தாழ்வில். நடுவே ஒரு குட்டிச் சங்கிலி. மூலைகளில் தையல் நூல். கைகள் ஒன்றையொன்று தொடுவதே இல்லை.

"மிதக்குதுப்பா!" என்றாள். இந்த மேஜையைக் காட்டும் வீடியோக்களும் இதைத்தான் சொல்கின்றன: புவியீர்ப்பை வென்ற அதிசயமாம். எனக்கு எரிச்சல்தான் வருகிறது. மேல்தட்டு நடுச் சங்கிலியில் தொங்குகிறது; விஷயம் அவ்வளவுதான்.

மே 4, ஞாயிறு

சங்கிலியைக் கழற்றிவிட்டு ரப்பர் பேண்ட் மாட்டினேன். இனி ஒளிக்க முடியாது. மேல்தட்டில் நாணயங்களை அடுக்க அடுக்க ரப்பர் நீண்டது, தட்டு இறங்கியது. மூலை நூல்கள் இறுகும் என்று மகள் பந்தயம் கட்டியிருந்தாள். அவை தொய்ந்துபோயின, தட்டு தள்ளாடியது. நாணயங்களை ஒரு மூலைக்கு நகர்த்தினால் அந்த மூலை நூல் தளர்கிறது, எதிர்மூலை நூல் விண்ணென்று நிற்கிறது. ஆக, மூலை நூல்கள் எதையும் சுமக்கவில்லை. சாயாமல் இழுத்துப் பிடிக்கின்றன.

இந்த வகைக் கட்டமைப்பைச் சிற்பமாக்கியவர் கென்னத் ஸ்னெல்சன். 1948இல் அமெரிக்காவின் பிளாக் மவுண்டன் கல்லூரியில் பக்மின்ஸ்டர் ஃபுல்லரிடம் படித்தவர். 'டென்செக்ரிட்டி' என்று பெயர் வைத்தது ஃபுல்லர். பெருமை யாருக்கு என்ற சச்சரவு நெடுங்காலம் நீடித்தது. என் ஓட்டு ஸ்னெல்சனுக்கு. 1968இல் அவர் செய்த 'நீடில் டவர்' வாஷிங்டனின் ஹிர்ஷ்ஹார்ன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. சுமார் 18 மீட்டர் உயரம். அதிலும் அலுமினியக் குழாய்கள் ஒன்றையொன்று தொடாது. கம்பிவடங்களின் இழுப்பில்தான் எல்லாம் நிற்கிறது.

மே 10, சனி

இன்று பாரத்தைக் கூட்டினோம். கீழ்த்தட்டின் கை லேசாக முன்னே வளைந்தது. அதன் முதுகுப்பக்கம், அடியிலிருந்து இரண்டாவது கட்டைக்கு மேலே, மயிரிழை இடைவெளி. டார்ச் அடித்துப் பார்த்தால் வெளிச்சம் ஊடுருவியது. வயிற்றுப்பக்கம் கட்டைகள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. ஒரே தூணில் ஒரு பக்கம் அமுக்கம், மறுபக்கம் இழுவை. லெகோ கட்டை அமுக்கத்தைத் தாங்கும்; இழுத்தால் குமிழ் கழன்றுவிடும். முதுகில் துளையுள்ள டெக்னிக் சட்டம் ஒன்றைச் செங்குத்தாக வைத்து, லெகோ பின்களைச் செருகினோம். இடைவெளி மூடிக்கொண்டது.

கான்கிரீட்டும் இதே ஜாதி: அமுக்கினால் தாங்கும், இழுத்தால் விரிசல் விடும். அதனால்தான் இழுவைப் பக்கம் கம்பி. சுவரிலிருந்து நீளும் சன்ஷேடில் இழுவை மேல்பக்கம் விழுகிறது. வீடு கட்டுகிறவர்கள், சன்ஷேடு கான்கிரீட் போடும் நேரத்தில் பக்கத்திலேயே நில்லுங்கள். மேல்கம்பியை யாராவது மிதித்துக் கீழே அமுக்கிவிட்டால், தூக்கி வைத்த பிறகே கலவை கொட்டச் சொல்லுங்கள்.