முன்வரிசைப் பிள்ளைகள்

வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கை ஒன்றிலே எமது வீடு. 1879ஆம் ஆண்டிலேயே கொழும்பில் றகர் ஆடுவதற்கென ஒரு கழகம் தோன்றிவிட்டது. 1945இல் கொழும்பு றோயல் கல்லூரிக்கும் கண்டி திரித்துவக் கல்லூரிக்கும் இடையே பிரட்பி கேடயப் போட்டி தொடங்கியது. இவ்வளவு பழமை இருந்தும் அந்த விளையாட்டுக்கும் எமக்கும் நெடுங்காலம் யாதொரு தொடர்பும் இருந்ததில்லை. ஹவ்லொக் பூங்காவைக் கடக்கும்போது சேற்றிலே புரளும் இளைஞரைக் கண்டு, “இதுவும் ஒரு விளையாட்டா?” என்று எண்ணியபடி நடந்தவர்களே நாம்.

எமது தம்பியின் மகன் யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்து எம்முடன் தங்கிய பின்னர் நிலைமை மாறியது. பிள்ளை நல்ல தேகக்கட்டு உடையவன். பாடசாலையில் அவனைக் கண்ட மாத்திரத்தே றகர் அணியின் முன்வரிசையில் மூன்றாம் இலக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். பத்தாம் இலக்கத்தில் ஆடியவன் கொட்டாஞ்சேனைப் பையன். மெலிந்தவன், மான்போல் ஓடுபவன். இருவரும் இணைபிரியாத நண்பர்கள்.

ஒரு சனிக்கிழமை மாலை எமது பிள்ளை வாடிய முகத்தோடு வந்தான். ஆட்டத்தில் நண்பனைக் கீழே வீழ்த்திவிட்டார்களாம். காறையெலும்பு முறிந்து ஆசுபத்திரியில் இருக்கிறானாம். அவன் சோற்றிலே கைவைத்த வேளையில் நாம் வாய் சும்மா இராமல், “எட்டுப் பேர் மலைமாதிரி முன்னுக்கு நின்றும் ஒரு பொடியனைக் காப்பாற்ற ஏலாமற் போயிட்டுதோ?” என்று கேட்டுவிட்டோம். பிள்ளை ஒன்றும் பேசவில்லை. எழுந்துபோய்க் கையைக் கழுவிக்கொண்டான்.

மறுநாட் காலையில் அவனாகவே வந்தான். பெரியம்மாவிடம் புளியங்கொட்டை வாங்கி, மேசையிலே எட்டுக்கு எட்டாக எதிரெதிரே அடுக்கினான். “பெரியப்பா, நீங்கள் நினைக்கிறமாதிரி நாங்கள் ஆரையும் மறித்துக்கொண்டு நிற்க ஏலாது. பந்து இல்லாதவன் எதிராளியை மறித்தால் அது குற்றம்” என்றான்.

இது எமக்குப் புதிய செய்தி. பின்னர் எப்படிக் காப்பது? அவன் விளக்கியதன் சாரம் இதுதான். ஸ்க்ரம் என்னும் பிணைப்பில் இரு அணிகளிலும் எட்டு எட்டுப் பேர் தோளோடு தோள் கோத்துத் தள்ளுவர். பந்து கால்களுக்கிடையே பின்னோக்கி வரும். ஒன்பதாம் இலக்கத்தான் அதை எடுத்துப் பத்தாம் இலக்கத்தானுக்கு எறிவான். எதிரணியில் பிணைப்புக்கு வெளியே நிற்போர் 5 மீற்றர் பின்னே நிற்கவேண்டும். ஆனால் பிணைப்பின் ஓரத்தில் இருப்பவர்கள், பந்து வெளிவந்த கணமே பிரிந்து பாயலாம். எமது எட்டுப் பேரும் முன்னோக்கித் தள்ளினால் அந்த ஓரக்காரர் பின்னே இழுபட்டுத் தாமதிப்பர். பத்தாம் இலக்கத்தான் ஓடிவந்தபடி பந்தை ஏந்துவான். எமது பக்கம் ஓரடி பின்வாங்கினாலோ பந்து தடுமாறி வரும். அவன் நின்றபடி ஏந்துவான். பந்தும் எதிராளியும் ஒருங்கே வந்து சேர்வர். ஆகவே முன்வரிசையினர் அவனுக்குக் கொடுக்கக்கூடிய காவல் ஒன்றே ஒன்றுதான்: நேரம்.

“அப்படியானால் ஏன் பின்வாங்கினீர்கள்? பலம் போதாதா?” என்று கேட்டோம். பலம் போதுமாம், எட்டுப் பேரும் ஒரே கணத்திற் தள்ளவேண்டும் என்பதுதான் சங்கடமாம். ஒருவன் முதுகை வளைத்தாலும், ஒருவன் காலைப் பிந்தி ஊன்றினாலும் மற்ற எழுவரின் பலம் வீணாகும். அன்று இரண்டாம் இலக்கத்தான் காயப்பட்டு, இவர்களோடு அதிகம் பழகாத ஒருவன் புதிதாக வந்து நின்றான். இவ்வளவும் சொல்லிவிட்டுப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டான். “ஆனால் அவனிலே பிழையில்லை, பெரியப்பா. என்ரை கால்தான் வழுக்கினது. அரைநொடிதான்.”

எமது சொல் முதல்நாள் இரவு எங்கே போய்த் தைத்தது என்பது அப்போதுதான் விளங்கிற்று.

அமெரிக்கர் ஆடும் காற்பந்தையும் கைத்தொலைபேசியிற் காட்டினான். அங்கே பதினொருவரில் ஐவர், குவாட்டர்பேக் என்னும் பந்தெறிவோனைக் காப்பதற்கென்றே முன்வரிசையாக நிற்கின்றனர். மறிப்பது அங்கே குற்றமன்று, பிடித்திழுப்பதே குற்றம். ஆயினும் அந்த மதிலும் இடிகிறது. பாய்ந்து வருவோர் இருவர் வழியிற் குறுக்கே மாறிக்கொண்டால், காப்போர் இருவரும் ஒருவன் மேலேயே கண்ணாயிருக்க மற்றவன் இடைவெளியால் நுழைந்துவிடுகிறான். அயலூர் மைதானத்தின் இரைச்சலில் தொடக்கக் குரல் கேளாமல் ஒருவன் பிந்துவதும் உண்டு. 1985ஆம் ஆண்டு நவம்பரில் ஜோ தைஸ்மன் என்ற புகழ்பெற்ற வீரரின் கால் இப்படியொரு பாய்ச்சலில் முறிந்து, அவரது ஆட்ட வாழ்வே முடிந்தது. எமது ஊரில் கிளித்தட்டு மறித்தவர்களுக்கு இது புதிதன்று. ஒரு கோட்டிலே நின்றவன் கண்ணயர்ந்தால் தட்டு முழுவதும் திறந்துவிடுமே!

அடுத்த ஞாயிறு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனோம். புனித லூசியா பேராலயத்தை அண்மித்ததும் அவனது நடை தளர்ந்தது. அந்தத் தாயின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்ற பயம். கதவைத் திறந்த அம்மையாரோ, “வா மகன், சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும்” என்று உள்ளே அழைத்தார்.

கைக்கட்டோடு இருந்த நண்பனிடம் எமது பிள்ளை, “என்ரை கால் வழுக்கினது, மச்சான்” என்றான். அவனோ சிரித்துக்கொண்டு, “பந்து பிந்தி வந்தபோதே நான் உதைத்து அனுப்பியிருக்க வேண்டும். ஓடப் பார்த்தேன், அது என் பிழை” என்றான். பழியை ஒருவர்மேல் ஒருவர் போடும் உலகத்தில், அதைத் தத்தம் பக்கம் இழுத்துக்கொண்ட இரு சிறுவரையும் கண்டு நாம் வாயடைத்து இருந்தோம். களத்தில் இறங்காமலே தீர்ப்புச் சொன்னவர் அந்த அறையில் நாம் ஒருவரே.

திரும்பும் வழியில் பஸ்ஸிலே, “தம்பி, அன்று நாம் சொன்னது பிழை” என்றோம். “அது பரவாயில்லை, பெரியப்பா” என்றான். அன்றிரவு இரண்டாந் தரமும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

இப்போது சனிக்கிழமைகளில் நாமும் மைதானத்துக்குப் போகிறோம். பக்கத்திலிருப்போர் பந்து போகும் திசையைப் பார்த்து ஆரவாரிக்கிறார்கள். நாம் மூன்றாம் இலக்கக்காரனின் கால்களையே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.