சனிக்கிழமை மாத்திரை

மாமாவின் கண் சிவந்தபோது அதை மெட்ராஸ் ஐ என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். 1918இல் சென்னையில் பரவியதால் அந்தப் பெயரைப் பெற்ற நோய். பெரும்பாலும் தானே அடங்கிவிடும். பழவேற்காட்டு ஏரியில் இறாலுக்கு வலை கட்டுகிறவருக்கு உப்புநீரும் வெயிலும் வேறு. கடையில் வாங்கிய சொட்டு மருந்திலேயே இரண்டு மாதம் கழிந்தது. வெளிச்சம் கூசுகிறது, கண்ணுக்கெதிரே கொசு பறப்பதுபோல் கரும்புள்ளிகள் மிதக்கின்றன என்று அவர் சொன்ன பிறகே, மீஞ்சூரில் எங்கள் வீட்டுக்கு வரவழைத்து, ரயிலேற்றிச் சென்னைக்கு அழைத்துப் போனோம்.

யுவியைட்டிஸ் என்றார் மருத்துவர். விழியின் வெண்படலத்துக்கு உள்ளே, ரத்தநாளங்கள் நிறைந்த நடுப்படலத்தில் அழற்சி. காசநோய்க்கான சோதனையிலும் மற்றவற்றிலும் கிருமி எதுவும் அகப்படவில்லை. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே கண்ணைத் தாக்கிக்கொண்டிருந்தது. இடக்கண்ணின் விழித்திரை அதற்குள் பழுதாகிவிட்டது. வலக்கண்ணையாவது காப்பாற்ற வேண்டும்.

ஸ்டீராய்டு உடனே கேட்டது. ஆனால் முகம் உப்பியது, சர்க்கரை ஏறியது. அளவைக் குறைத்தாலோ பார்வை மறுபடி மங்கியது. ஸ்டீராய்டைக் குறைப்பதற்காகவே மெத்தோட்ரெக்ஸேட் எழுதினார்கள். புற்றுநோய்க்குத் தருகிற மருந்தா என்று அத்தை அழுதார். அதேதான், ஆனால் மிகச் சிறிய அளவில். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகடா சுப்பாராவின் தலைமையில், 1940களில் லெடர்லே ஆய்வுக்கூடத்தில் உருவான மருந்து அது. அதன் பக்கவிளைவைத் தணிக்கக் கொடுக்கும் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்ததும் அதே கூடம். நஞ்சும் முறிவும் ஒரே இடத்தில் பிறந்தவை!

இதைவிட விலை கூடிய மைக்கோபினோலேட் இருக்கிறதே, அது மேலானதல்லவா என்று கேட்டோம். மதுரை, கோவை அரவிந்த் கண் மருத்துவமனைகளில் டாக்டர் எஸ்.ஆர். ரத்தினமும் சகாக்களும் 80 நோயாளிகளிடம் இரண்டையும் ஒப்பிட்டு 2014இல் வெளியிட்டிருக்கிறார்கள். பின்னர் ஐந்து நாடுகளில் 216 பேரை வைத்து நடந்த ஆய்வு 2019இல் வந்தது. ஆறு மாத முடிவில் மெத்தோட்ரெக்ஸேட்டில் ஏறக்குறைய 67 சதவீதத்தினருக்கும் மற்றதில் 57 சதவீதத்தினருக்கும் அழற்சி கட்டுப்பட்டது. விலை கூடியது மேலானது என்று நிரூபணமாகவில்லை. எங்களுக்கு அது பெரிய ஆறுதல்.

இனிச் சொல்லப்போவது எங்கள் தவறு. வாரம் ஒருமுறை, ஆறு மாத்திரை என்று சீட்டில் தெளிவாகவே இருந்தது. நாள் முழுதும் எழுத்தோடு கிடக்கிற நாங்கள்தான் அதைத் தினமும் என்று பெட்டியில் அடுக்கிக் கொடுத்தோம். ஐந்தாம் நாள் மாமாவின் வாயெல்லாம் புண். மீன் குழம்பின் காரம் என்று அவர் பொறுத்துக்கொண்டிருந்திருக்கிறார். மருத்துவமனையில் சேர்த்தபோது வெள்ளணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. ஃபோலினிக் அமில ஊசி போட்டார்கள். பத்து நாட்கள் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தோம்.

தேறிய பின் அவரே பேச்செடுத்தார். ஏரியில் எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை கட்டுவது என்பதைப் பாடு முறைதான் தீர்மானிக்கிறது. தன் முறை இல்லாத நாளில், எவ்வளவு இறால் துள்ளினாலும், ஒருவர் அங்கே வலை கட்டமாட்டார்.

"இதுக்கும் பாடு உண்டுன்னு மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா தம்பி?" என்றார்.

பெட்டி இப்போது அவர் கையில். குடியை விட்டுவிட்டார், ஈரலுக்கான ரத்தப் பரிசோதனைக்கு ஒழுங்காக வருகிறார். வலக்கண்ணால் வலைக்கண்ணியைக் கோக்க முடிகிறது. வெள்ளிக்கிழமை இரவு தவறாமல் தொலைபேசியில் கூப்பிடுவார்.

"நாளைக்கு நம்ம பாடு."