ஒண்டு இல்லாட்டி மற்ற ரெண்டும் தாங்குமோ?

புத்தூரில் எங்கட தோட்டத்தில் வெங்காயத்துக்கு இறைக்கிற நாட்களில் தண்ணி மாறுறது என்ர வேலை. ஒரு பாத்தி நிரம்பினால், முதலில் அடுத்த பாத்தியின் வாயைத் திறக்கவேணும். அதுக்குப் பிறகுதான் நிரம்பினதை மண் போட்டு அடைக்கலாம். மாறிச் செய்தால் தண்ணிக்குப் போக இடமில்லை, வாய்க்கால் உடைக்கும். பத்து வயதில் தெரிந்திருந்த இந்த விசயத்தை, இருபத்தாறு வயதில் கம்பியூட்டருக்கு முன்னால் இருந்து மறந்துபோனேன்.

நான் யாழ்ப்பாண நகரத்தில் ஒரு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். அங்கே மூன்று சேர்வர்களை ஒன்றாய் இணைத்து ஒரு கிளஸ்டர் ஓடுகிறது. கணக்கு, சம்பளம், கிடங்கு எல்லாம் அதற்குள் மெய்நிகர் கணினிகளாய் இருக்கின்றன. ஒரு சேர்வர் விழுந்தால் அதிலிருந்தவை மற்ற இரண்டிலும் எழும்பவேண்டும். கிளஸ்டர் என்று ஒன்று வைத்திருப்பதே அதற்குத்தான்.

மூன்றிலும் விண்டோஸ் சேர்வர் 2016. அதற்கான மைக்ரோசொஃப்டின் ஆதரவு 2027 ஜனவரி 12 உடன் முடிகிறது. பிறகு பாதுகாப்புத் திருத்தங்கள் வழமைபோல் வராது. ஆகவே படிப்படியாக மாற்றுவது என்று தீர்மானித்தோம். ஒரு சேர்வரை வெறுமையாக்கி, கிளஸ்டரிலிருந்து கழற்றி, புதிய இயங்குதளம் போட்டு, திரும்பச் சேர்க்கவேண்டும். பிறகு அடுத்தது. சேவை நிற்காது. ஆனால் இந்த முறையில் பதிப்புகளைத் தாண்டிப் பாய முடியாது. முதலில் 2019, அதன் பிறகுதான் 2022.

"சனி, ஞாயிறில முடிச்சிடுவன்" என்றேன். சம்பள நாளுக்கு மூன்று நாள் இருந்தது.

எங்கள் பகுதிக்குப் பொறுப்பான அக்கா என்னைப் பார்த்தா. "ஒண்டைக் கழட்டினா மற்ற ரெண்டும் தாங்குமோ?"

"தாங்கும் அக்கா. அதுக்குத்தானே கிளஸ்டர்."

"கணக்குப் பாத்தனீரோ?"

பார்க்கவில்லை. வெள்ளி பின்னேரம் ஒத்திகையாக ஒரு சேர்வரை வெறுமையாக்கும் கட்டளையைக் கொடுத்தேன். சில மெய்நிகர் கணினிகள் நகர்ந்தன. மிச்சம் போக இடமில்லாமல் அப்படியே நின்றன. பிறகுதான் கொப்பியை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஒரு சேர்வரில் 128 ஜிகாபைட் நினைவகம். மூன்றிலும் ஓடுகிறவை சேர்ந்து கிட்டத்தட்ட 300. இரண்டு சேர்வரில் மொத்தமே 256. கனகாலமாய் எங்களிடம் இருந்தது பெயருக்குத்தான் கிளஸ்டர். வருசக்கணக்காய் ஒவ்வொன்றாய்ச் சேர்த்துச் சேர்த்து, விழுந்தால் தாங்க வைத்திருந்த இடத்தை நாங்களே தின்றுவிட்டோம். ஒரு சேர்வர் உண்மையாகவே பழுதாகியிருந்தால் அன்றைக்குத்தான் அது தெரியவந்திருக்கும்.

"பேக்கப் இருக்குது அக்கா" என்றேன், சமாளிக்க.

"எடுத்து வச்சிருக்கிறீர், சரி. திருப்பிப் போட்டுப் பாத்தனீரோ?"

அதுவும் இல்லை. போட்டுப் பார்த்தபோது சம்பளக் கணினியே பேக்கப் பட்டியலில் இல்லை. பிறகு உருவாக்கின கணினி அது. பட்டியலில் சேர்க்க மறந்திருந்தோம். அந்த இரவு நித்திரை வரவில்லை.

அப்படியென்றால் தொடாமல் விட்டால் பாதுகாப்போ? அதுவும் இல்லை. 2023 ஓகஸ்ட் இறுதியில் இலங்கை அரசின் மின்னஞ்சல் தொகுதி ரான்சம்வேருக்குப் பலியானது. ஏறத்தாழ 5,000 முகவரிகள். மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவு திரும்பக் கிடைக்கவில்லை. இணைப்பிலேயே இருந்த பேக்கப்பும் பூட்டப்பட்டுவிட்டது. தனியே கழற்றி வைத்த பிரதி இல்லை. அங்கே ஓடியது எக்ஸ்சேஞ்ச் 2013, அந்த ஏப்ரலிலேயே ஆதரவு முடிந்த பதிப்பு. மாற்றுகிற திட்டம் 2021 இலிருந்தே இருந்தது, காசும் முடிவுகளும் இழுபட்டன. அவசரப்பட்டாலும் தரவு போகும், ஒத்திப்போட்டாலும் போகும்.

சம்பள நாள் போகும்வரை எதையும் தொடவில்லை. அடுத்த மூன்று கிழமையும் ஆயத்தம் மட்டும்தான். ஒருவரும் பாவிக்காத மெய்நிகர் கணினிகளை நிறுத்தினோம். தேவைக்கு மேல் நினைவகம் வாங்கியிருந்தவற்றைக் குறைத்தோம். மொத்தம் 210க்கு வந்தது. ஒவ்வொரு பேக்கப்பையும் திருப்பிப் போட்டுப் பார்த்தோம். ஒரு பிரதியை வயர் கழற்றி அலுமாரியில் வைத்தோம். மூன்றில் ஒன்றைக் கழற்றினால் மிஞ்சுவது இரண்டு வாக்கு. இரண்டுக்கும் இடையில் தொடர்பு அறுந்தால் யார் தொடர்ந்து ஓடுவது என்று தீர்க்க மூன்றாவது வாக்கு வேண்டும். அதற்கு வேறொரு கணினியில் சாட்சிக் கோப்புறை வைத்தோம்.

மாற்றம் முடிய மூன்று இரவு எடுத்தது. கடைசியில் ஒரு கட்டளை இருக்கிறது, கிளஸ்டரின் செயற்படு நிலையை உயர்த்துவது. அதைக் கொடுக்கும்வரை பழைய பதிப்புக்குத் திரும்பலாம். கொடுத்தால் வழி இல்லை. பழையதும் புதியதும் கலந்த நிலையில் நான்கு கிழமைக்கு மேல் வைத்திருக்கவேண்டாம் என்பது மைக்ரோசொஃப்டின் அறிவுரை. நாங்கள் ஒரு கிழமை விட்டுப் பார்த்தோம். அதற்கிடையில் அந்த மாதச் சம்பளமும் போனது. நிறுவனத்தில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

அன்று விடிய வீட்டில் இருந்துதான் அந்தக் கட்டளையைக் கொடுத்தேன். அப்பா இறைக்க வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார். "என்ன தம்பி, இரவிரவா முழிச்சிருந்து என்ன செய்தனீ?"

"தண்ணி மாறினனான் அப்பா."

அவர் சிரித்துவிட்டு மண்வெட்டியை என்ர கையில் தந்தார்.

உங்கட பள்ளிக்கூடத்திலோ கடையிலோ கந்தோரிலோ கம்பியூட்டர் உங்கட பொறுப்பில் இருந்தால், மாற்றுகிற திகதியைக் குறிக்க முதல் அக்கா கேட்ட ரெண்டு கேள்வியையும் கேட்டுப் பாருங்கோ. பதில் தெரியாட்டி இன்னும் நாள் இருக்குது. இண்டைக்கே தொடங்கலாம்.