போட்டோவில் பெயர் இல்லாதவர்

தஞ்சாவூரில் என் அறை நண்பருக்குச் சொந்த ஊர் கோலார் தங்கவயல். "தங்கத்து மேலேயே பொறந்தவரு, வாடகையை மட்டும் ஏன் சார் தள்ளிப் போடறீங்க?" என்று மாதாமாதம் வாருவேன்.

போன வாரம் பெட்டியிலிருந்து ஒரு பழைய போட்டோவை எடுத்து நீட்டினார். சுரங்க வாசல். நாற்காலிகளில் தொப்பி போட்ட துரைமார்கள். கீழே ஒவ்வொருவர் பெயரும் அச்சில்! பின்னால் முண்டாசு கட்டி நிற்கிற நம்மாட்களுக்கு மொத்தமாக ஒரே வார்த்தை: 'கூலிகள்'.

"ஓரத்துல நிக்கறவர் எங்க கொள்ளுத்தாத்தா. வட ஆற்காட்டிலேருந்து பிழைக்கப் போனவர்."

நான் சும்மா இருப்பேனா? "எங்க காவிரி தஞ்சாவூருக்கு வர்றதுக்கு முந்தியே, சிவசமுத்திரத்துல கரண்ட்டா மாறி 1902-லயே உங்க சுரங்கத்துக்கு வந்துடுச்சு, தெரியுமோ?"

"தெரியும் சார். சுரங்கத்துக்கு வந்தது. எங்க குடிசையில சிம்னி விளக்குதான்."

கப்சிப்.

மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். சுமார் 120 வருஷத்தில் ஏறக்குறைய 800 டன் தங்கம். 2001 பிப்ரவரி 28-ல் இழுத்து மூடினார்கள். தங்கத்துக்குக் கணக்கு இருக்கிறதே, தோண்டியவனுக்கு எங்கே என்று என் பி.காம். புத்தி கேட்டது. பேனாவை எடுத்தேன்.

"கொள்ளுத்தாத்தா பேரைச் சொல்லுங்க, பின்னாடி எழுதிடலாம்."

நண்பர் விழித்தார். "தெரியலையே சார்... அப்பாவைத்தான் கேக்கணும்."

துரையைத் திட்ட வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். என் கொள்ளுத்தாத்தா பெயர்? ஊஹூம்! நம் இனிஷியல் அப்பாவோடு நின்றுவிடுகிறது.

அன்று ராத்திரி இரண்டு போன். ஒன்று தங்கவயலுக்கு, இன்னொன்று திருவையாற்றில் இருக்கும் என் அத்தைக்கு. இரண்டு பெயர்களும் கிடைத்துவிட்டன.

வாடகைதான் இன்னும் வரவில்லை!