கடைசியாகக் கை வைத்த இடம்

வாகனம் ஓட்டுவதும் பழுது பார்ப்பதும் ஆண்களின் வேலை என்றே எமது சமூகம் நீண்ட காலமாக எண்ணி வந்திருக்கின்றது. ஆனால் வீட்டின் ஆண் துணையைப் போர் பறித்துக்கொண்ட குடும்பங்களில் அந்த எண்ணம் சோறு போடுவதில்லை. முச்சக்கர வண்டி ஓட்டிப் பிள்ளைகளை வளர்க்கும் பெண்கள் இன்று வடக்கு கிழக்கில் மட்டுமல்ல, எமது பதுளைப் பக்கத்திலும் இருக்கிறார்கள். ஓட்டப் பழகியவர்கள் அடுத்ததாகச் செலவைக் குறைப்பதற்காகத் தாங்களே ஒயில் மாற்றவும் பிளக் துடைக்கவும் பழகுகிறார்கள். அப்படிக் கை வைத்த மறுநாளே எஞ்சின் கரைச்சல் கொடுத்தால் என்ன செய்வது? அதைப் பற்றியே சகோதரிகளுடன் பேச விரும்புகிறேன்.

சமூக சேவையாளராகப் பணிபுரியும் எனக்குப் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஓர் அக்காவைத் தெரியும். அவருடைய பெற்றோர் 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின் இங்கிருந்து வன்னிக்குப் போனவர்கள். அக்கா பிறந்து வளர்ந்தது கிளிநொச்சியில். 2009இல் கணவரை இழந்து, மெனிக் பாம் முகாமில் இருந்து, பின்னர் இரண்டு பிள்ளைகளுடன் தாய்மாமன் வீட்டைத் தேடி இங்கே வந்தார். சில வருடங்கள் கொழுந்து பறித்தார். பிறகு சீட்டுக் காசையும் நகை அடகு வைத்த காசையும் சேர்த்து, ஏற்கெனவே ஓடிய நான்கு ஸ்ட்ரோக் முச்சக்கர வண்டியொன்றை வாங்கினார். காலையிலும் பின்னேரமும் தோட்டத்துப் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றி இறக்குவதுதான் அவருடைய நிலையான வருமானம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. அதன் பின் பழைய வண்டிகளின் விலையுடன் உதிரிப் பாகங்களின் விலையும் ஏறியது. 2022இல் பெற்றோல் வரிசை வந்தது. கியூஆர் அட்டை முறை தொடங்கியபோது முச்சக்கர வண்டிக்கு வாரத்துக்கு 5 லீற்றர்தான் கிடைத்தது. அந்த நாட்களில்தான் அக்கா தன் வண்டியைத் தானே சர்விஸ் செய்யக் கற்றுக்கொண்டார். ஒரு சொட்டுப் பெற்றோலையும் வீணாக்கக் கூடாது என்ற பழக்கமும் அப்போதுதான் வந்தது.

கடந்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வழமைபோல் ஒயில் மாற்றி, எயார் பில்டரைச் சுத்தம் செய்து, பிளக்கைத் துடைத்துப் போட்டார். திங்கட்கிழமை பிள்ளைகளோடு ஏற்றத்தில் போகும்போது எஞ்சின் இழுவை குறைந்து நின்றுவிட்டது. பிள்ளைகளை இறக்கிச் சிறிது நேரம் நின்ற பிறகு தானாகவே ஸ்டார்ட் ஆனது. மறுபடியும் கொஞ்ச தூரம் போய் நின்றது. செவ்வாயும் இதே கதைதான். புதன்கிழமை மூன்று வீட்டார் பிள்ளைகளை வேறு வண்டியில் அனுப்பத் தொடங்கிவிட்டார்கள்.

ஒரு கராஜில் காட்டினார். “எஞ்சினைக் கழற்றித்தான் பார்க்க வேணும். பொம்பளைங்க கை வச்சா இப்படித்தான்” என்றார்களாம். கேட்ட தொகை அவருடைய இரண்டு மாத வருமானத்துக்கு மேல். நான் போனபோது அக்கா மனம் உடைந்திருந்தார். “வித்துப் போடலாம்னு இருக்கேன் மிஸ். நானே கெடுத்துட்டேன்” என்றார்.

நான் மெக்கானிக் அல்ல. ஆனால் ஒருவருடைய பிரச்சினையை ஒழுங்காகக் கேட்டறிவது எனது தொழில். எப்போது தொடங்கியது, அதற்கு முன் என்ன நடந்தது, எந்த நேரத்தில் கூடுகிறது, எப்போது குறைகிறது என்று கேட்டு எழுதுவோம். அதையே வண்டிக்கும் செய்வோம் என்று ஒரு கொப்பியை எடுத்தோம்.

முதற் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை கழற்றியவை, பூட்டியவை எல்லாவற்றையும் எழுதினோம். இரண்டாம் பக்கத்தில் எஞ்சின் நிற்கும் விதத்தை எழுதினோம். குளிராக இருக்கும்போது உடனே ஸ்டார்ட் ஆகிறது, ஏறத்தாழ கால் மணித்தியாலம் ஓடி நிற்கிறது, சற்றுப் பொறுத்தால் மீண்டும் ஓடுகிறது. பிறகு அக்கா ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிளக் மூடி இறுக்கமாக இருந்தது. பில்டர் காய்ந்திருந்தது, அதன் குழாய்க் கிளிப்பும் சரி. ஒயிலும் அளவாகவே இருந்தது.

“வேறு ஒன்றிலும் கை வைக்கவில்லையா?” என்று கேட்டேன். யோசித்துவிட்டுச் சொன்னார்: “சர்விஸ்னு வேற ஒண்ணும் செய்யல மிஸ். தாங்கி மூடி ரப்பர் தேஞ்சு பெற்றோல் மணக்குது, வளைவுல பிள்ளைங்க சத்தி எடுக்குதுங்க. அதான் சொப்பிங் பேக்கை மடிச்சு வச்சு இறுக்கி மூடினேன்.”

சொல்லி முடிக்கும்போதே அவர் முகம் மாறியது. வண்டியை வெறுமையாக ஓட்டிப் போனோம். நின்றதும் பெற்றோல் தாங்கியின் மூடியைத் திறந்தார். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுபட்டது. பொலித்தீனை எடுத்துவிட்டு மூடினார். உடனே ஸ்டார்ட் ஆனது. பசறை வரை போய்த் திரும்பினோம், ஒரு தடவையும் நிற்கவில்லை. புதிய ரப்பர் வளையம் ஒன்று போட்டதோடு பிரச்சினை தீர்ந்தது.

காரணம் எளிமையானது. ரின்பால் பேணியில் ஒரு துளை மட்டும் போட்டுக் கவிழ்த்தால் பால் ஒழுங்காக வராது. எதிர்ப்பக்கத்தில் இன்னொரு துளை போட்டால்தான் காற்று உள்ளே போய்ப் பால் வடியும். இந்த வண்டியிலும் பெற்றோல் தாங்கியிலிருந்து தானாகக் கீழே வடிந்தே எஞ்சினுக்குப் போகிறது. மூடியிலுள்ள சிறு துவாரம்தான் இரண்டாவது துளை. அதை அடைத்தால் தாங்கிக்குள் காற்றழுத்தம் குறைந்து பெற்றோல் வருவது நின்றுவிடும்.

சர்விஸ் செய்த பிறகு வரும் கரைச்சல்களில் அநேகமானவை இப்படிச் சின்னவைதான். சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லையென்றால் முதலில் பற்றரி முனைகள் தளர்ந்துள்ளனவா என்று பாருங்கள். ஸ்டார்ட்டர் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லையென்றால் பிளக் மூடி சரியாக அழுந்தவில்லையா, பெற்றோல் குழாய் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். கறுப்புப் புகை வந்தால் எயார் பில்டர் அடைபட்டிருக்கலாம், அல்லது சோக் இழுபட்டபடி இருக்கலாம். நீலப் புகை வந்தால் ஒயில் எரிகிறது, அளவுக்கு மேல் ஊற்றினீர்களா என்று பார்க்க வேண்டும். கிளச் கேபிளை மிக இறுக்கி வைத்தால் எஞ்சின் சத்தம் போடும், வண்டி ஏறாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது பிழை என்பது தெரியாமலே போய்விடும்.

சில எச்சரிக்கைகளும் அவசியம். பெற்றோல் வேலையைத் திறந்த வெளியில் செய்யுங்கள், அருகில் குப்பி விளக்கோ அடுப்போ வேண்டாம். ஒயில் வடிக்கும் ஆணியைப் பலங்கொண்ட மட்டும் முறுக்காதீர்கள், அலுமினியப் புரி தேய்ந்துவிடும். ஓடும்போது ஒயில் விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்துங்கள். தண்ணீரில் குளிரும் எஞ்சினுள்ள வான், கார்களில் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. பிறேக் வேலையைப் பழகியவர் ஒருவர் பார்க்காமல் வண்டியை வீதியில் இறக்க வேண்டாம், மலைநாட்டு இறக்கத்தில் அது உயிர் சம்பந்தப்பட்டது.

பெண்ணின் கை எஞ்சினுக்குப் புதியதல்ல. 1888ஆம் ஆண்டு ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்ற பெண், கணவர் உருவாக்கிய மோட்டார் வண்டியைத் தன் இரு மகன்மாருடன் மன்ஹைமிலிருந்து போர்ஸ்ஹைம் வரை 100 கிலோமீற்றருக்கு மேல் ஓட்டிச் சென்றார். உலகின் முதலாவது நீண்ட தூர மோட்டார் பயணம் அதுதான். வழியில் எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தவரும் அவரே.

அவ்வளவு தூரம் போக வேண்டியதும் இல்லை. 1990இன் பின் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடைக்காதபோது எமது மக்கள் வாகனங்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது என்பதால், சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். பிளக்கில் கரி படியும், துடைத்துத் துடைத்து ஓடினார்கள். கடையும் கராஜும் கை கொடுக்காத காலத்தில் வீட்டு முற்றத்திலேயே படித்த படிப்பு அது. இதை வாசிக்கும் சகோதரிகளில் பலர் அதைக் கண்ணால் கண்டவர்கள்.

சமூகவியல் படித்தவள் என்ற வகையில் இந்தச் சம்பவத்தில் ஒன்று என்னைச் சிந்திக்க வைத்தது. அக்கா தன் சர்விஸ் வேலைகளை எல்லாம் நினைவில் வைத்திருந்தார். பிள்ளைகளுக்காகச் செய்த அந்தச் சின்ன வேலையை மட்டும் வேலையாகவே எண்ணவில்லை. வீட்டில் நாம் விடிந்ததிலிருந்து செய்வதையும் இப்படித்தானே கணக்கில் சேர்க்காமல் விடுகிறோம்? இன்னொன்று, எஞ்சின் நின்றதும் எல்லோரும் கேட்டது “யார் கெடுத்தது?” என்ற கேள்வியை. அந்தக் கேள்வி ஒரு பெண்ணை வண்டியை விற்கும் நிலைக்குக் கொண்டுவந்தது. “எங்கே பிழை?” என்ற கேள்விதான் வண்டியை ஓட வைத்தது. போரின் பின்னர் எத்தனையோ இழப்புகளுக்கும் ‘என் ராசிதான்’ என்று தங்களையே குற்றஞ்சாட்டிப் பழகிய பெண்களுக்கு இந்த வித்தியாசம் பெரிது.

ஆகவே சகோதரிகளே, வண்டி வைத்திருப்பவர்கள் ஒரு கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். திகதி போட்டு, கை வைத்த ஒவ்வொன்றையும், அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும், எழுதுங்கள். எஞ்சின் கரைச்சல் கொடுத்தால் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் பாருங்கள். உங்களால் முடியாத வேலையென்றால் அந்தக் கொப்பியோடு கராஜுக்குப் போங்கள். எழுதி வைத்துக்கொண்டு கேள்வி கேட்கும் பெண்ணிடம், தேவையில்லாமல் எஞ்சினைக் கழற்ற வேண்டும் என்று சொல்வது அவ்வளவு சுலபமல்ல.