எல்லாச் சத்தமும் வலப்பக்கம்

டிசம்பர் 28

கொழும்பிலிருந்து கற்பிட்டிக்கு வந்து பல வாரமாகிறது. இன்றைக்குத்தான் பேனையைப் பிடிக்கிறேன். இவ்வளவு நாளும் மேசைக்குக் குனிந்தாலே தலை சுற்றியது.

காதுக்குப் பின்னால் போட்ட தையல் ஆறிவிட்டது. ஒக்டோபரில் எடுத்த கட்டி இரண்டரை சென்டிமீட்டர். அக்கூஸ்டிக் நியூரோமா என்று எழுதித் தந்தார்கள். புற்றுநோய் இல்லை, மெல்ல மெல்ல வளர்வது. அது முளைத்தது சமநிலை நரம்பின் உறையில். கேட்கும் நரம்பும் முகத்தை அசைக்கும் நரம்பும் அதே எலும்புத் துவாரத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு போவதால், ஒன்றில் வந்த வினை மூன்றுக்கும் போயிற்று. இடக் காது முழுதாகச் செவிடு. இடப்பக்க முகம் பாதி அசைகிறது. இடக்கண் இமை முழுதாக மூடுவதில்லை. இரவில் மருந்து பூசி, பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு படுக்கிறேன்.

வெளிநாடுகளில் ஆண்டுக்கு லட்சத்தில் ஒருவர் அளவில் இந்தக் கட்டி கண்டுபிடிக்கப்படுகிறதாம். அந்தக் கணக்கு இங்கும் பொருந்தினால், 2012 குடிசன மதிப்பீட்டில் ஏழரை லட்சம் பேருக்கு மேல் இருந்த புத்தளம் மாவட்டத்தில் வருஷத்துக்கு ஏழெட்டுப் பேர். மற்றவர்கள் எங்கே இருக்கிறார்கள்? சிலாபத்திலா, உடப்பிலா, முந்தலிலா? ஒருவரையாவது பார்த்துக் கதைக்க வேண்டும்.

ஜனவரி 3

ஜும்ஆவுக்குப் போனேன். வுழுச் செய்யும்போது வாய் கொப்பளித்த தண்ணீர் இடக் கடைவாயால் ஒழுகிச் சட்டை நனைந்தது. பக்கத்தில் நின்ற சின்னப் பையன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

கதிரையில் இருந்துதான் தொழுதேன். ஸுஜூதுக்குத் தலையைத் தரையில் வைத்தால் திரும்ப எழும்பும்போது பள்ளிவாசல் முழுவதும் கூடவே எழும்புகிறது. ஸலாம் கொடுக்க வலப்பக்கம் திரும்பியபோது ஒன்றுமில்லை. இடப்பக்கம் திரும்பியபோது தூண்களும் மனிதர்களும் ஒரு கணம் பிந்தி வந்து சேர்ந்தார்கள்.

பிசியோதெரபி மிஸ் தந்த பயிற்சியும் ஏறக்குறைய இதுதான். ஒரு எழுத்தைச் சுவரில் ஒட்டி, கண்ணை அதில் வைத்துக்கொண்டு தலையை மட்டும் இடமும் வலமும் திருப்ப வேண்டும். தலை திரும்பும்போது கண் எதிர்ப்பக்கம் நகர்ந்து காட்சியை நிறுத்திப் பிடிக்கும். அந்த வேலைக்குச் செய்தி அனுப்பிய இரண்டு பக்கத்தில் எனக்கு ஒன்று இப்போது இல்லை. ஐந்து வேளையும் ஒழுங்காகத் தொழுதாலே பாதிப் பயிற்சி முடிந்துவிடும் என்று உம்மா சொல்கிறார். அவருக்கு இதில் பெரிய சந்தோஷம்.

ஜனவரி 4

நடக்கப் போகவில்லை. மழை என்று எழுதலாம். மழை இல்லை.

ஜனவரி 11

கண்டக்குளிப் பக்கம் மச்சான் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டார். கடற்கரையில் நடந்து பார்க்க ஆசை. உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் தன் ஊர்க் கடற்கரையில் நடக்க மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டு போனார் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

வீட்டு முற்றத்தில் நன்றாக நடக்கிறேன். மணலில் முடியவில்லை. உடம்பு நிமிர்ந்து நிற்க மூன்று வழியில் செய்தி போகிறது என்று மிஸ் விளங்கப்படுத்தினார்: உட்காது, கண், பாதமும் மூட்டுகளும். உட்காதில் எனக்குப் பாதி இல்லை. மணல் பாதத்தைக் குழப்புகிறது. மிச்சம் கண். அந்தக் கண்ணுக்கு முன்னால் கடற்கரையில் எதுவும் சும்மா நிற்பதில்லை. அலை பின்வாங்கும்போது நான் நிற்கிற நிலமே கடலுக்குள் போகிறது. கைட் சர்பிங் செய்கிற வெள்ளைக்காரர்களின் பட்டங்கள் வானத்தில் குறுக்கும் நெடுக்கும் ஓடுகின்றன. வரும் வழியில் காற்றாலைகளின் இறக்கைகளைப் பார்த்தபோதே வயிற்றைப் பிரட்டியது. காற்று வேறு மூடாத கண்ணுக்குள் மணலைக் கொண்டுவந்து போட்டது.

கொஞ்ச தூரத்திலேயே இருந்துவிட்டேன். மச்சான், "போதும், வீட்டுக்குப் போவோம், நல்லா ரெஸ்ட் எடுங்க" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் மிஸ் சொன்னது வேறு. தலை சுற்றும் என்று அசையாமல் கிடந்தால் மூளைக்குத் தன் கணக்கில் பிழை இருப்பதே தெரியாதாம். சுற்ற வேண்டும், கொஞ்சம் குமட்ட வேண்டும், அப்போதுதான் அது மிச்சமிருக்கிற செய்திகளை வைத்துக் கணக்கைத் திருத்துமாம். விழாத அளவுக்குத் தலை சுற்றுவதே மருந்து.

பிள்ளைகளுக்கு இதே மாதிரி நானும் சொல்லியிருக்கிறேன்: கால் வலிக்காமல் ஓட்டம் வராது என்று. சொல்வது எவ்வளவு லேசு.

எழும்பி, தூரத்தில் நின்ற ஒரு தோணியைப் பார்த்துக்கொண்டு அந்தத் தோணிவரைக்கும் நடந்தேன். திரும்பி வரும்போது பார்க்க ஒன்றும் இல்லை. மச்சானைப் பார்த்து நடந்தேன். அவர் அசையாமல் நின்றார்.

ஜனவரி 27

வேலைக்குத் திரும்பினேன். இலகு வேலைக்கான கடிதத்தை அதிபர் வாசித்துவிட்டு, "ஒரு வருஷத்துக்கு நூலகத்தைப் பாருங்களேன் சேர்" என்றார். நல்ல மனிதர். நூலகத்தில் மின்விசிறி உண்டு, நிழல் உண்டு, ஓடிப் பிடிக்க யாரும் இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மைதானத்துக்குப் போனதும் "சேர்!" என்று ஒரு குரல். வலப்பக்கம் திரும்பினேன். யாரும் இல்லை. மறுபடி "சேர்!" மறுபடியும் வலப்பக்கமே திரும்பினேன். கேட்கிற எல்லாம் எனக்கு வலப்பக்கத்திலிருந்துதான் வருகிறது. ஒரு சத்தம் எந்தத் திசை என்று அறிய இரண்டு காதும் வேண்டும். எந்தக் காதில் ஒரு துளி முந்திக் கேட்டது, எந்தக் காதில் கூடக் கேட்டது என்று மூளை ஒப்பிட்டுப் பார்க்கும். எனக்கு ஒப்பிட ஆள் இல்லை. கூப்பிட்டவள் எட்டாம் வகுப்புப் பிள்ளை. இடப்பக்கத்தில் கைக்கெட்டும் தூரத்தில் நின்றிருக்கிறாள். "சேர், நான் இந்தப் பக்கம்" என்று முன்னால் வந்து நின்றாள்.

பிறகு விசில். கழுத்தில் தொங்கிய பழைய விசிலை வாயில் வைத்து ஊதினேன். காற்று இடப்பக்க உதட்டால் கசிந்தது. விசிலுக்குள் கிடக்கும் சின்ன உருண்டை அசையவே இல்லை. இன்னொரு தரம். ஒரு ஈரமான மூச்சு, அவ்வளவுதான். கடைவாயை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஊதினால் கீச்சென்று ஏதோ வருகிறது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம். ஒரு வகுப்பு முழுவதும் மரியாதையாக மணலைப் பார்த்துக்கொண்டு நின்றதைத் தாங்க முடியவில்லை.

ஜனவரி 28

பள்ளிக்கூடம் விட்டு வந்து படுத்தவன் மஃரிபுக்குத்தான் எழும்பினேன். ஓடவுமில்லை, குதிக்கவுமில்லை. ஒற்றைக் காதால் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்த களைப்பு.

பெப்ரவரி 1

மகன் போனில் ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டினான். ஹல்க் வேஷம் போடுகிற மார்க் ருஃபலோ. "வாப்பா, இவருக்கும் உங்கட கட்டிதான்." 2001-இல் கண்டுபிடித்திருக்கிறார்கள். அவருக்கும் இடக் காதுதான் போனது. முகத்தின் ஒரு பக்கம் ஒரு வருஷம் அளவுக்கு அசையாமல் கிடந்திருக்கிறது. அதனால் 'சைன்ஸ்' படத்தில் நடிக்க இருந்த வேஷமும் கைவிட்டுப் போனது. நடிகனுக்கு முகம் போவது என்றால் என்ன என்று யோசித்தேன்.

அவர் பிறகு அந்தப் பச்சை ராட்சசனாக வந்தார் என்பதில் மகனுக்கு மிகுந்த நம்பிக்கை. எனக்குக் கண்ணாடியில் இட உதட்டோரம் நேற்றைவிட ஒரு நூல் அளவு கூட ஏறுகிறதா என்பதில்தான் கவனம். ஏறுகிறது. இல்லாவிட்டால் வெளிச்சம்.

பெப்ரவரி 5

இரவில் மின்சாரம் போயிற்று. இருட்டில் வாசல் படியில் நின்றவன் சரிந்து சுவரைப் பிடித்தேன். கண்ணும் இல்லையென்றால் இந்த உடம்பிடம் பாதம் மட்டும்தான் மிச்சம். வீதியில் ஒரு கழுதை கத்தியது. வலப்பக்கம் என்று காது சொன்னது. விளக்கு வந்ததும் பார்த்தால் இடப்பக்க வேலியோரம் மூன்று நிற்கின்றன.

பெப்ரவரி 8

சந்தைக்குப் போனபோது தேத்தண்ணிக் கடையில் ஒரு நானாவைச் சந்தித்தேன். முன்பு கடலட்டை பிடிக்கச் சிலிண்டரோடு இறங்கியவர். நான் போய் அவருக்கு வலப்பக்கம் இருந்து ஸலாம் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. அவர் ஏதோ சொன்னார், எனக்கு விளங்கவில்லை. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒருவர்மேல் ஒருவர் கோபமாக இருந்தோம் என்று நினைக்கிறேன். பிறகு அவர் எழும்பி என்னைப் பார்த்தார், என் காதுக்குப் பின்னால் இருந்த தழும்பைப் பார்த்தார், வாங்கைச் சுற்றி வந்து எனக்கு வலப்பக்கம் இருந்தார். "இப்பக் கேளுங்க."

அவருக்கு வலக் காது இல்லை. எனக்கு இடக் காது. இடம் மாறி இருந்ததும் இரண்டு நல்ல காதும் உள்ளே, இரண்டு செத்த காதும் வெளியே. கடைக்காரர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். அறுவைக்குப் பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். கோணலாகச் சிரித்தேன், அவர் அதைக் கவனிக்கவில்லை.

பத்து மீட்டர் இறங்கினாலே மேலே இருக்கிறதைப் போல இரண்டு மடங்கு அழுத்தம். மூக்கைப் பிடித்துக் காதுக்குள் காற்றைச் சமப்படுத்திக்கொண்டு இறங்க வேண்டும். தடிமன் உள்ள நாளில் அது நடக்காது. நடக்காத ஒரு நாளிலும் அவர் இறங்கியிருக்கிறார். "நாங்க திங்காத சாமான், சீனாக்காரன் திங்கிறான், காசு வருது. இறங்காம என்ன செய்ற?" காது வெடித்த அன்று தண்ணீருக்குள் எது மேல், எது கீழ் என்று தெரியாமல் போயிற்றாம். வாயிலிருந்து போகிற குமிழியைப் பார்த்து, அது போகிற பக்கமே போனாராம்.

எத்தனை காலத்தில் பழகியது என்று கேட்டேன். "எது?" என்றார். காது இல்லாதது என்றேன். தேத்தண்ணியைக் குடித்து முடித்து, கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: "பஸ்ஸில எந்தப் பக்கம் இருக்கிறதுன்னு தெரிஞ்சா சரி."

இதை மிஸ்ஸிடம் சொல்ல வேண்டும்.

பெப்ரவரி 11

பயிற்சித் தாளின் கடைசிப் பக்கத்தை இன்றுதான் ஒழுங்காக வாசித்தேன். கோதோர்ன், குக்ஸி என்ற இரண்டு பிரித்தானிய வைத்தியர்கள் 1940-களில் வகுத்த பயிற்சிகள் அவை. ஒருவர் காது வைத்தியர், மற்றவர் உடலியக்க மருத்துவர். கட்டிலில் கண்ணை அசைப்பதில் தொடங்கி, இருந்து, எழும்பி, கடைசியில் விளையாட்டில் போய் முடிகிறது: கண்ணுக்கு மேலே ஒரு கையிலிருந்து மறுகைக்குப் பந்தை எறிந்து பிடிப்பது. நடுவில் ஒருவர் நின்று பந்தை எறிய, அவரைச் சுற்றி நடந்துகொண்டே பிடித்துத் திருப்பி எறிவது. குனிந்து, நீட்டி, குறிபார்க்கிற எந்த விளையாட்டும்.

என் தொழிலை எனக்கு மருந்தாக எழுதித் தந்திருக்கிறார்கள்.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளோடு செய்தோம். பயிற்சி யாருக்கு என்று சொல்லவில்லை. ஒருவர் மாறி ஒருவராக நடுவில் நின்றார்கள், மற்றவர்கள் சுற்றினார்கள், நானும் சுற்றினேன். வலப்பக்கமாகச் சுற்றும்போது பிடித்தேன். இடப்பக்கமாகச் சுற்றச் சொன்னதும் பந்து இரண்டாக வந்தது. இல்லாத பந்தைப் பிடித்தேன். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். அவர்களிலும் பாதிப் பேர் தவறவிட்டார்கள். பதினொரு வயதில் எல்லோருக்கும் தலை சுற்றுகிறது, யாரும் அதற்காகப் படுத்துக்கொள்வதில்லை.

பெப்ரவரி 17

ஒரு பையன் என் வாயைப் போலத் தன் வாயைக் கோணி மற்றவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தான். நான் ஜன்னலுக்கு வெளியே நின்றது அவனுக்குத் தெரியாது. நன்றாகவே செய்தான்.

நூலகத்துக்குப் போகலாம் என்று இருக்கிறது.

பெப்ரவரி 20

இல்ல விளையாட்டுப் போட்டி. ஹிராவா, ஸபாவா, மர்வாவா என்று ஒரு வாரமாக ஊரே இரண்டுபட்டு, மூன்றுபட்டுக் கிடந்தது. ஓட்டத்தைத் தொடங்கிவைக்கும் பொறுப்பு வழக்கமாக என்னுடையது. இந்த முறை கிளாப்பரை இளைய ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, முடிவுக் கோட்டில் வெள்ளைக் கொடியும் சிவப்புக் கொடியும் வைத்துக்கொண்டு நின்றேன். சரி என்றால் வெள்ளை, பிழை என்றால் சிவப்பு. ஊதத் தேவையில்லை, கத்தத் தேவையில்லை. ஒலிபெருக்கி, பேண்ட் வாத்தியம், பெற்றார்களின் கூச்சல் எல்லாம் சேர்ந்து ஒரே இரைச்சலாக வந்ததில் எனக்கு ஒரு சொல்லும் பிரிந்து கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் வரவில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஓட்டம் முடிந்து மூச்சு வாங்க வந்தாள்; நேராக என் வலப்பக்கம் வந்து நின்றுதான் "சேர், எத்தினையாவது?" என்று கேட்டாள். அஞ்சலோட்டத்தில் கோல் விழுந்தது பற்றிய சண்டை இன்னும் முடியவில்லை. மர்வாக்காரர் என்னோடு கதைப்பதில்லை.

பெப்ரவரி 25

நாளைக்குக் கொழும்பில் கிளினிக். சுபஹுக்கு முந்திய பஸ். கேட்க வேண்டியவற்றை மனைவி எழுதித் தந்திருக்கிறாள்: அடுத்த எம்.ஆர்.ஐ. எப்போது, கண்ணுக்கு விடும் மருந்து எவ்வளவு காலம், மோட்டார் சைக்கிள் ஓடலாமா, நோன்பு வருகிறது, தராவீஹ் முழுவதும் நின்று தொழலாமா. கடைசியில் மகன் தன் கையெழுத்தில் சேர்த்திருக்கிறான்: வாப்பா கடலில் நீந்தலாமா?

இந்த ஒன்றைக் கேட்க எனக்கு விருப்பமில்லை. தண்ணீருக்குள் மூழ்கினால் பாதம் ஊன்ற இடமில்லை, கலங்கல் என்றால் கண்ணும் இல்லை. என்ன சொல்வார்கள் என்று எனக்கே தெரியும். கேட்டால் முடிவாகிவிடும். தாளை மடித்துப் பையில் வைத்திருக்கிறேன். பஸ்ஸில் இடப்பக்கத்து ஜன்னல் இருக்கை கிடைக்க வேண்டும். கிடைத்தால் மனைவி எனக்கு வலப்பக்கம் இருப்பாள், கதைத்துக்கொண்டே போகலாம். கேட்கச் சொல்லித்தான் வருவாள்.